மெதுவாகச் சுழன்ற எம்-11

நம் ஊர்ச் சாலையில் ஓடும் சிறிய கார் ஒன்றின் எஞ்சின் கொள்ளளவு 1.2 லிட்டர். அது 80 குதிரைத்திறனுக்குக் குறையாமல் தருகிறது. 1920-களில் சோவியத் ஒன்றியத்தில் உருவான எம்-11 விமான எஞ்சினின் கொள்ளளவு 8.6 லிட்டர். ஏழு மடங்கு பெரியது. ஆனால் அதன் முதல் வடிவம் தந்த திறன் 100 குதிரைத்திறன்தான்.

இதைப் படிக்கும் எவருக்கும் எம்-11 ஒரு மட்டமான எஞ்சின் என்றுதான் தோன்றும். நான் அப்படி நினைக்கவில்லை. விமான எஞ்சின்களின் வரலாற்றில் மிகுந்த அறிவோடு வடிவமைக்கப்பட்டவற்றில் இதுவும் ஒன்று என்பதே என் எண்ணம். அதன் ஒவ்வொரு 'குறை'க்குப் பின்னாலும் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைத் தேடிப் போனால், காற்றால் குளிரும் ரேடியல் எஞ்சின் என்ற அழகான பொறியியலே நமக்குப் புரிந்துவிடும்.

முதலில் திறனைப் பார்ப்போம். ஓர் எஞ்சினின் திறன் என்பது முறுக்குவிசையையும் சுழல் வேகத்தையும் பெருக்கி வருவது. கார் எஞ்சின் தன் முழுத் திறனை நிமிடத்துக்கு 6000 சுற்றை ஒட்டிய வேகத்தில்தான் தரும். பிறகு கியர்கள் அந்த வேகத்தைக் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும். எம்-11 நிமிடத்துக்கு 1600 சுற்றுதான் சுற்றியது. அதன் கிராங்க் ஷாஃப்ட் முனையில் புரொப்பெல்லர் நேரடியாகப் பொருத்தப்பட்டிருந்தது. நடுவே கியர் கிடையாது.

2.4 மீட்டர் விட்டமுள்ள ஒரு புரொப்பெல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1600 சுற்றில் அதன் இறக்கை நுனி நொடிக்குச் சுமார் 200 மீட்டர் வேகத்தில் காற்றை வெட்டும். அதையே 6000 சுற்றில் ஓட்டினால் நுனியின் வேகம் நொடிக்கு 750 மீட்டர். ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான். இறக்கையின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கும்போதே அதன் மேல் அதிர்ச்சி அலைகள் உண்டாகும். இழுப்பு விசை குறையும், இரைச்சல் காதைப் பிளக்கும், எஞ்சினின் உழைப்பு வீணாகும். ஆகவே புரொப்பெல்லர் மெதுவாகத்தான் சுழல வேண்டும். கியர் வைத்து வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் கியர் என்றால் கூடுதல் எடை, கூடுதல் செலவு, உடைவதற்குக் கூடுதலாக ஒரு பாகம். பயிற்சி விமானத்துக்கு அது கட்டுப்படியாகாது.

சுழல் வேகம் குறைவென்றால் முறுக்குவிசை அதிகமாக இருக்க வேண்டும். அதற்குப் பெரிய சிலிண்டர் வேண்டும். எம்-11 சிலிண்டரின் உள்விட்டம் 125 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓடும் தூரம் 140 மில்லிமீட்டர். ஒரே சிலிண்டரின் கொள்ளளவு 1.72 லிட்டர். இன்றைய சிறிய காரின் முழு எஞ்சினையும் விட அது பெரியது. அப்படி ஐந்து சிலிண்டர்கள். அந்த 100 குதிரைத்திறனுக்குப் பின்னால் சுமார் 440 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை இருந்தது. இன்றைய 1.2 லிட்டர் பெட்ரோல் கார் தருவதைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு.

இப்படியொரு எஞ்சின் ஏன் தேவைப்பட்டது என்பதை அறிய அக்காலத்துக்குப் போக வேண்டும்.

1920-களின் தொடக்கத்தில் சோவியத் விமானிகள் பயிற்சி பெற்றது ஊ-1 என்ற இரட்டை அடுக்கு இறக்கை விமானத்தில். அது பிரிட்டனின் ஆவ்ரோ 504கே விமானத்தின் நகல். அதிலிருந்த எஞ்சினும் பிரான்சின் லே ரோன் எஞ்சினின் நகல்தான். அது ரோட்டரி வகை. முதல் உலகப் போர்க்காலத்தின் விசித்திரமான கண்டுபிடிப்பு அது: கிராங்க் ஷாஃப்டை விமானத்தின் உடலோடு அசையாமல் பிணைத்துவிட்டு, சிலிண்டர்கள் அத்தனையையும் புரொப்பெல்லரோடு சேர்த்துச் சுழல விடுவார்கள். சுழலும் சிலிண்டர்கள் தாமே காற்றைக் கிழித்துக்கொண்டு குளிரும்.

குளிர்விக்கும் சிக்கலை அது தீர்த்தது. ஆனால் வேறு சிக்கல்களைக் கொண்டுவந்தது. நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஓர் உலோகப் பிண்டம் மூக்கில் சுழலும்போது விமானம் ஒரு பம்பரத்தின் குணத்தைப் பெற்றுவிடும். இடப்பக்கம் திருப்பினால் ஒரு மாதிரியும் வலப்பக்கம் திருப்பினால் வேறு மாதிரியும் நடந்துகொள்ளும். மசகுக்கு ஆமணக்கெண்ணெய் ஊற்றுவார்கள், பெட்ரோல் அதை எளிதில் கரைப்பதில்லை என்பதால். அந்த எண்ணெய் திரும்பிச் சேகரிக்கப்படாமல் முழுதும் வெளியே தெறித்துப்போகும். விமானியின் முகத்திலும் உடையிலும் எண்ணெய் படியும். பறக்கக் கற்றுக்கொள்ள வந்த இளைஞனுக்கு இது நல்ல எஞ்சின் அல்ல. ஒரு நாடு ஆயிரக்கணக்கான விமானிகளை உருவாக்கக் கனவு காணும்போது இது நல்ல எஞ்சின் அல்லவே அல்ல.

1923-இல் பயிற்சி விமானங்களுக்கான 100 குதிரைத்திறன் எஞ்சின் ஒன்றை உள்நாட்டிலேயே வடிவமைக்கப் போட்டி அறிவிக்கப்பட்டது. அதிலிருந்து வெளிவந்ததுதான் எம்-11. வடிவமைப்புக்குப் பொறுப்பேற்றவர் ஆர்க்காடி ஷ்வெத்சோவ், 1892-இல் உரால் பகுதியில் பிறந்தவர். பிற்காலத்தில் லாவோச்கின் லா-5 போர் விமானத்துக்கும் அன்தோனவ் ஆன்-2 விமானத்துக்கும் எஞ்சின் தந்தவர் இவரே. ஆனால் அந்தப் பேரெஞ்சின்களுக்கெல்லாம் முன்னால் அவர் கைவைத்தது இந்தச் சிறிய ஐந்து சிலிண்டர் எஞ்சினில்.

ரோட்டரியில் சிலிண்டர்கள் சுழன்றன. ரேடியலில் சிலிண்டர்கள் அசையாமல் நிற்கும். கிராங்க் ஷாஃப்ட் சுழலும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும், நடுவிலிருந்து ஐந்து கதிர்கள் கிளம்பும் நட்சத்திரம். ஆனால் ஒரு பெரிய கேள்வி எழும். சிலிண்டர் சுழலவில்லை என்றால் அது எப்படிக் குளிரும்?

எஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் சுமார் கால் பங்குதான் புரொப்பெல்லருக்குப் போய்ச் சேரும். பெரும்பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறும். மிச்சம் சிலிண்டர் சுவரில் இறங்கும். புரொப்பெல்லருக்குப் போகும் ஆற்றலில் பாதியளவுக்காவது வெப்பம் இப்படிச் சுவரில் சேர்ந்துகொண்டே இருக்கும். அதை நொடிதோறும் வெளியே எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் மசகெண்ணெய் கருகும், பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும், வால்வு எரியும்.

தண்ணீர் இதற்கு மிகச் சிறந்த பொருள். ஒரே கனஅளவை ஒப்பிட்டால் தண்ணீர் காற்றைப் போல ஏறத்தாழ 3500 மடங்கு வெப்பத்தை ஏற்கும். ஆனால் தண்ணீர் வைத்தால் ரேடியேட்டர் வேண்டும், பம்ப் வேண்டும், ரப்பர் குழாய்கள் வேண்டும். ஒரு குழாய் ஒழுகினாலும் விமானம் இறங்கியாக வேண்டும். ரஷ்யாவில் இன்னொரு தொல்லையும் உண்டு. குளிர்காலத்தில் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 30, 40 டிகிரி வரை போகும் நிலத்தில், இரவில் வடிக்க மறந்த தண்ணீர் காலையில் உறைந்து எஞ்சினையே பிளந்துவிடும். காற்று உறையாது.

காற்றை நம்புவதென்றால் பரப்பளவைப் பெருக்க வேண்டும். புல்லட் மோட்டார் சைக்கிள் எஞ்சினைச் சுற்றி வரிவரியாகத் தகடுகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக்குகள் ஃபின் என்பார்கள். எம்-11 சிலிண்டரைச் சுற்றியும் அதே ஃபின்கள்தான், அளவில் பெரியவை. உருளைச் சுவரின் பரப்பு மட்டும் இருந்தால் காற்றுக்கு எட்டும் இடம் மிகக் கொஞ்சம். ஃபின்கள் அதைப் பல மடங்காக்கும். புரொப்பெல்லர் பின்னே தள்ளும் காற்றும், விமானத்தின் வேகத்தால் எதிர்வரும் காற்றும் அந்த வரிகளுக்கிடையே புகுந்து வெப்பத்தை வாரிக்கொண்டு போகும். நட்சத்திர வடிவத்தின் பெரும்பயன் இங்கேதான். நான்கு சிலிண்டர்களை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைத்தால் முதல் சிலிண்டருக்குக் குளிர்ந்த காற்றும் கடைசிச் சிலிண்டருக்குச் சூடான மிச்சமும் கிடைக்கும். வட்டமாக வைத்தால் ஐந்துக்கும் ஒரே காற்று, ஒரே நேரத்தில், ஒரே குளிர்ச்சியோடு.

சிலிண்டரின் உலோகத்திலும் ஒரு சூட்சுமம். பிஸ்டன் உரசும் பீப்பாய் போன்ற பகுதி எஃகால் ஆனது. தேய்மானத்தைத் தாங்க வேண்டுமே. வெடிப்பு நிகழும் தலைப்பகுதி அலுமினியக் கலவை. அலுமினியம் எஃகைப் போல மூன்று நான்கு மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். சூடு ஒரே இடத்தில் தேங்காமல் ஃபின்களுக்குப் பரவிவிடும். இந்தக் கூட்டு யாருக்கும் திடீரெனத் தோன்றியதல்ல. முதல் உலகப் போரின்போது இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் கிப்சன், சாம் ஹெரன் என்ற இருவர் காற்றால் குளிரும் சிலிண்டர்களை முறையாக ஆராய்ந்து வகுத்த பாதை இது. ஹெரன் பின்னர் அமெரிக்கா போய், ரைட் நிறுவனத்தின் ஒன்பது சிலிண்டர் வேர்ல்விண்ட் எஞ்சினைச் செம்மைப்படுத்தினார். 1927 மே மாதம் சார்லஸ் லிண்ட்பர்க் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு முப்பத்து மூன்றரை மணி நேரம் நிற்காமல் பறந்தது அந்த எஞ்சினை நம்பித்தான். காற்றால் குளிரும் ரேடியல் எஞ்சின் நம்பத்தக்கது என்று உலகம் ஏற்றுக்கொண்ட தருணம் அது.

அதே காலத்தில்தான் எம்-11 தன் சோதனைகளை முடித்து வெளிவந்தது. நிக்கோலாய் பொலிகார்ப்போவ் வடிவமைத்த ஊ-2 பயிற்சி விமானத்தில் அது பொருத்தப்பட்டது. 1928 ஜனவரி 7 அன்று மிகயீல் குரோமவ் அதை முதன்முதலாகப் பறக்கவிட்டார். பொலிகார்ப்போவ் 1944-இல் காலமானதும் அவர் நினைவாக விமானத்துக்கு போ-2 என்று பெயர் மாற்றினார்கள். மரச்சட்டம், அதன்மேல் துணி, திறந்த இருக்கைகள், மூக்கில் மூடியேதுமின்றி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் ஐந்து சிலிண்டர்கள். இனி போ-2 என்ற பெயராலேயே அதைக் குறிப்பிடுகிறேன்.

ஐந்து என்ற எண்ணுக்கு வருவோம். ஒரு வரிசை ரேடியல் எஞ்சின்களைப் பார்த்தால் சிலிண்டர்களின் எண்ணிக்கை 3, 5, 7, 9 என்றுதான் இருக்கும். 4, 6, 8 கிடையாது. பதினான்கு சிலிண்டர் எஞ்சினும் ஏழும் ஏழுமாக இரண்டு வரிசை. பதினெட்டு என்றால் ஒன்பதும் ஒன்பதும். ஏன் ஒற்றைப்படை?

இது நான்கு வீச்சு எஞ்சின். உறிஞ்சுதல், அழுத்துதல், வெடித்தல், வெளியேற்றுதல் என்ற நான்கும் முடிய கிராங்க் ஷாஃப்ட் இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். ஐந்து சிலிண்டர்கள் வட்டத்தில் 72 பாகைக்கு ஒன்றாக நிற்கின்றன. முதல் சிலிண்டரில் வெடிப்பு நிகழ்ந்துவிட்டது. கிராங்க் 72 பாகை நகர்ந்து இரண்டாவதை நோக்கி நிற்கிறது. அதில் வெடிக்க விடக்கூடாது. விட்டால் ஒரே சுற்றில் ஐந்தும் தீர்ந்து, அடுத்த சுற்று முழுதும் எஞ்சின் சும்மா சுழல வேண்டியிருக்கும். எனவே அதைத் தாண்டி மூன்றாவதில் வெடிக்கும். பிறகு நான்கைத் தாண்டி ஐந்து. ஐந்துக்கு அடுத்து ஒன்று, அதைத் தாண்டி இரண்டு. மூன்றைத் தாண்டி நான்கு. ஐந்தைத் தாண்டி மறுபடி ஒன்று. ஆக வரிசை 1-3-5-2-4. ஒன்றுவிட்டு ஒன்றாகப் போனாலே இரண்டு சுற்றில் எல்லோருக்கும் முறை வந்துவிடுகிறது. ஒவ்வொரு வெடிப்புக்கும் இடையே சரியாக 144 பாகை.

ஆறு சிலிண்டர் வைத்துப் பாருங்கள். 1, 3, 5 என்று போய் மறுபடி 1-இலேயே வந்து நிற்கும். 2, 4, 6 ஆகியவற்றுக்கு முறையே வராது. அவற்றைச் சேர்க்க வேண்டுமானால் ஓரிடத்தில் தாவ வேண்டும். தாவினால் இடைவெளி சீராக இருக்காது, எஞ்சின் குலுங்கும். ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வட்டத்தில் புள்ளி வைத்து இதைச் செய்து பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகளுக்கு எண்களின் அழகைக் காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

ஐந்து பிஸ்டன்களும் ஒரே தளத்தில் இருப்பதால் கிராங்க் ஷாஃப்டில் ஒரே ஒரு வளைவு போதும். வரிசை எஞ்சினில் நான்கு சிலிண்டருக்கு நான்கு வளைவு, நீளமான ஷாஃப்ட், அதைத் தாங்க நீளமான உடல் என்று எடை கூடிக்கொண்டே போகும். ரேடியலின் உடல் குட்டையானது, உறுதியானது. ஆனால் அந்த ஒரே வளைவை ஐந்து கனெக்டிங் ராடுகள் எப்படிப் பிடித்துக்கொள்ளும்? பக்கத்தில் பக்கத்தில் மாட்ட இடமில்லை. அதற்காக ஒரு ராடைத் தலைமை ராடாக வைத்தார்கள். அதன் அடிப்பகுதி அகன்ற வளையமாகக் கிராங்கைப் பற்றியிருக்கும். மற்ற நான்கு ராடுகளும் அந்த வளையத்தின் விளிம்பில் தனித்தனி முளைகளில் கோக்கப்பட்டிருக்கும். தலைமை ராட் அசையும் விதத்தில் மற்றவையும் அசையும்.

இந்த அமைப்பில் ஒரு கணித அற்புதம் ஒளிந்திருக்கிறது. ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும்போது உண்டாகும் உதறலை எதிர் எடை வைத்து முழுதும் அடக்க முடியாது. பாதியை அடக்கினால் மறுபாதி பக்கவாட்டில் தலைகாட்டும். ஆனால் வட்டத்தில் சமமாக நிற்கும் ஐந்து பிஸ்டன்களின் முதன்மை உதறல்களைக் கூட்டிப் பார்த்தால், அந்தக் கூட்டுவிசை அளவில் மாறுவதே இல்லை; கிராங்கோடு சேர்ந்து அதே வேகத்தில் சுற்றுகிறது. சுற்றும் விசையை எதிர்ப்பக்கத்தில் ஓர் எடையை வைத்து முழுதுமாக ஈடுகட்டிவிடலாம். அப்படியும் எம்-11 அமைதியான எஞ்சின் அல்ல. முளைகளில் கோத்த ராடுகளின் பாதை தலைமை ராடின் பாதையிலிருந்து சற்றே மாறுபடுவதால் கொஞ்சம் அதிர்வு மிஞ்சும். ஒரு சுற்றுக்கு இரண்டரை வெடிப்புதான் என்பதால் முறுக்குவிசையும் விட்டுவிட்டு வரும். ஏழும் ஒன்பதும் உள்ள எஞ்சின்கள் இதைவிட வழுவழுப்பானவை. நிமிடத்துக்கு 4000 வெடிப்பு, நொடிக்கு 67: அந்தப் படபடப்பைக் கேட்டுத்தான் ஜெர்மானியப் படைவீரர்கள் போ-2 விமானத்தைத் தையல் இயந்திரம் என்றார்கள்.

வால்வுகளைத் திறந்து மூடும் ஏற்பாட்டில் ஷ்வெத்சோவ் தனி வழியில் போனார். பெரும்பாலான ரேடியல் எஞ்சின்களில் நடுவே ஒரே ஒரு பெரிய கேம் வளையம் இருக்கும். அதன் மேடுகள் சுற்றிவரும்போது எல்லாச் சிலிண்டர்களின் தள்ளுகோல்களையும் முறைப்படி உயர்த்தும். எம்-11 எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனிக் கேம் இருந்தது. அமெரிக்காவின் கின்னர் நிறுவனம் தன் ஐந்து சிலிண்டர் எஞ்சினில் செய்ததும் இதுவே. பாகங்களின் எண்ணிக்கை இதனால் கூடுகிறது என்பது உண்மை. ஆனால் பெரிய கேம் வளையத்தைத் துல்லியமாகக் கடைய அதற்கேற்ற பெரிய இயந்திரம் வேண்டும். சிறிய கேம்களைச் சாதாரணப் பட்டறையிலும் கடைந்துவிடலாம். உயர்தர இயந்திரங்களும் கைதேர்ந்த தொழிலாளர்களும் குறைவாக இருந்த ஒரு நாட்டுக்கு இது பொருத்தமான தேர்வு என்றே கருதுகிறேன்.

பெட்ரோலிலும் அதே சிந்தனைதான். பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியைச் சிலிண்டரில் எவ்வளவு நெருக்கி அழுத்துகிறோமோ அவ்வளவு திறன் கிடைக்கும். ஆனால் அளவு மீறி அழுத்தினால், தீப்பொறி மூட்டிய சுடர் வந்து சேருமுன்பே மிச்சக் கலவை தானாகப் பற்றிச் சடாரென வெடிக்கும். எஞ்சினுக்குள் சுத்தியலால் அடிப்பதுபோல் ஓசை கேட்கும், பிஸ்டன் ஓட்டையாகும். இதைத் தாங்கும் தன்மையைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. இன்றைய கார்கள் பத்துக்கு ஒன்று என்ற விகிதத்தில் அழுத்துகின்றன. நம் பெட்ரோல் பங்குகளில் கிடைப்பது 91-க்குக் குறையாத ஆக்டேன். எம்-11 ஐந்துக்கு ஒன்றுதான் அழுத்தியது. அதனால் ஆக்டேன் எண் 60-ஐ ஒட்டிய மட்டமான பெட்ரோலிலும் ஓடியது. போர்முனையில் நல்ல பெட்ரோல் போர் விமானங்களுக்குப் போய்விடும். மிஞ்சியதை வைத்துக்கொண்டு எம்-11 வேலை செய்தது.

இனி எஞ்சினைக் கிளப்பும் நேரத்துக்கு வருவோம். ரேடியல் எஞ்சினோடு பழகியவர்கள் ஒருபோதும் தவிர்க்காத ஒரு சடங்கு இருக்கிறது. முதல் சிலிண்டர் உச்சியில் இருந்தால் மூன்றாவதும் நான்காவதும் தரையை நோக்கித் தலைகீழாகத் தொங்கும். எஞ்சின் நின்ற பிறகு உள்ளே சுவரெங்கும் ஒட்டியிருக்கும் எண்ணெய் மெல்ல வழிந்து கீழே இறங்கும். பிஸ்டன் வளையங்களின் இடுக்கு வழியாகக் கசிந்து அந்த இரண்டு சிலிண்டர்களின் தலையிலும் தேங்கும்.

எண்ணெயை அமுக்க முடியாது. பிஸ்டன் மேல்நிலைக்குப் போகும்போது எம்-11 சிலிண்டரின் தலையில் எஞ்சியிருக்கும் இடம் சுமார் 430 மில்லிலிட்டர். அதில் பாதி எண்ணெய் நிறைந்தாலே அழுத்த விகிதம் ஐந்திலிருந்து ஒன்பதுக்கு ஏறிவிடும். முழுதும் நிறைந்தால் பிஸ்டன் ஒரு சுவரில் போய் முட்டுவதற்குச் சமம். மற்றச் சிலிண்டர்கள் வெடித்து கிராங்கைத் தள்ளும். ராட் வளையும், அல்லது சிலிண்டரே பெயர்ந்துவிடும்.

ஆகவே மெக்கானிக் முதலில், தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோவின் சுவிட்சு அணைந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு புரொப்பெல்லரைக் கையால் பிடித்து, ஓடும் திசையிலேயே மெல்ல மெல்லச் சுற்றுவார். ஒவ்வொரு சிலிண்டரும் அழுத்தும் நிலைக்கு வரும்போது கைக்கு ஓர் எதிர்ப்புத் தெரியும். காற்றை அழுத்தும் எதிர்ப்பு மெத்தென்று விட்டுக்கொடுக்கும். ஓரிடத்தில் புரொப்பெல்லர் இறுகிச் சட்டென்று நின்றுவிட்டால் அங்கே எண்ணெய் இருக்கிறது என்று அர்த்தம். பலம் கொடுத்துத் தள்ளக்கூடாது. கீழ்ச் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிய விட வேண்டும். பின்னோக்கிச் சுற்றி விடுவிப்பது அதைவிட ஆபத்து: உள்ளிழுக்கும் குழாய்க்குள் எண்ணெய் தள்ளப்பட்டு அங்கேயே காத்திருக்கும், எஞ்சின் கிளம்பியதும் ஒரே மடக்கில் உள்ளே வரும். எல்லாம் சரி என்றானதும் விமானிக்குக் குரல் கொடுத்து, சுவிட்சைப் போடச் சொல்லி, புரொப்பெல்லரை வீசிவிட்டு மெக்கானிக் விலகுவார். தேங்கிய மிச்ச எண்ணெய் நீலப் புகையாகக் கிளம்பும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், எஞ்சினுக்கு இரண்டு மேக்னெட்டோ. ஒன்று பழுதானாலும் மற்றொன்றில் வீடு வந்து சேரலாம். பேட்டரி தேவையே இல்லை.

ரஷ்யக் குளிரில் இன்னொரு வேலையும் சேரும். தண்ணீர் இல்லையே தவிர எண்ணெய் இருக்கிறதே! கடுங்குளிரில் அது தேன்பாகாய் இறுகிவிடும். இரவு பறப்பு முடிந்ததும் சூடாக இருக்கும்போதே அதை வடித்து எடுத்துப் பத்திரப்படுத்துவார்கள். மறுநாள் அடுப்பில் சூடேற்றி ஊற்றுவார்கள். எஞ்சினுக்குக் கனத்த துணிப் போர்வை போர்த்தி, அடியிலிருந்து வெப்பக் காற்றை விடுவார்கள். உறைபனியில் கையுறையைக் கழற்றிவிட்டு நட்டு முடுக்கிய விரல்களின் வேலை அது.

அந்த விரல்களில் பல பெண்களுடையவை. 1941 அக்டோபரில் விமானி மரீனா ரஸ்கோவாவின் முயற்சியால் சோவியத் பெண்களின் விமானப் படைப்பிரிவுகள் மூன்று தொடங்கப்பட்டன. அவற்றில் 588-ஆவது இரவுக் குண்டுவீச்சுப் பிரிவு போ-2 விமானங்களைப் பெற்றது. தலைவர் யெவ்தோகியா பெர்ஷான்ஸ்கயா. தலைமைப் பொறியாளர் சோஃபியா ஓசெர்கோவா. விமானிகள், வழிகாட்டிகள், மெக்கானிக்குகள், குண்டு மாட்டுபவர்கள் எல்லோரும் பெண்கள். 1942 கோடையில் போர்முனைக்குப் போன அவர்களை ஜெர்மானியர்கள் இரவுச் சூனியக்காரிகள் என்றார்கள். போர் முடிவதற்குள் அந்தப் பிரிவு 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தடவை பறந்தது. நீண்ட குளிர்கால இரவுகளில் ஒரே விமானம் எட்டு, பத்து முறைகூடப் போய்வந்ததுண்டு. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் பெட்ரோல், எண்ணெய், குண்டுகள், எஞ்சின் சோதனை, எல்லாம் இருட்டில், சில நிமிடங்களுக்குள். விமானியின் வீரம் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. 23 ஆயிரம் தடவை அந்த எஞ்சினைக் கிளப்பிவிட்ட மெக்கானிக் பெண்களைப் பற்றி அந்த அளவுக்கு எழுதப்படவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

இலக்கை நெருங்கியதும் எஞ்சின் வேகத்தை அடியோடு குறைத்துவிட்டு, சத்தமின்றிச் சறுக்கியபடி வந்து குண்டு போடுவது அவர்கள் முறை. மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாத மர விமானத்துக்கு வேறு கவசம் ஏது? ஆனால் காற்றால் குளிரும் எஞ்சினை அப்படிச் சறுக்கவிடுவது எளிதான காரியமல்ல. உள்ளே வெப்பம் உற்பத்தியாவது நின்றுவிடும். வெளியே காற்று மட்டும் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். தண்ணீர் எஞ்சினில் வெப்பநிலையைக் கட்டுக்குள் வைக்கும் வால்வு உண்டு. ஃபின்களுக்கு அப்படி எதுவும் இல்லை. சிலிண்டர் அளவு மீறிக் குளிர்ந்தால் பெட்ரோல் ஆவியாகாது. குண்டு போட்டுவிட்டு உயரமேற வேண்டிய கணத்தில் எஞ்சின் இருமும், திணறும், நின்றும் போகலாம். எதிரியின் விளக்குகள் தேடும் வானத்தில் அந்த ஒரு கணத்தை நம்பித்தான் இரண்டு உயிர்கள் இருந்தன.

எம்-11 குறையற்றது என்று நான் சொல்லவில்லை. தொடக்க கால எஞ்சின்கள் 50 மணி நேரம் ஓடினாலே முழுதாகப் பிரித்துச் சீர்செய்ய வேண்டியிருந்தது. அந்த ஆயுள் பிறகுதான் படிப்படியாக உயர்ந்தது. வெளியே துருத்தி நிற்கும் சிலிண்டர்கள் காற்றை எதிர்த்துக்கொண்டே இருக்கும். 1928-இல் அமெரிக்காவின் நாகா ஆய்வுக்கூடத்தில் ஃபிரெட் வீக் குழுவினர் ரேடியல் எஞ்சினைச் சுற்றி வளைவான உறை ஒன்றை வடிவமைத்தார்கள். லாக்ஹீட் ஏர் எக்ஸ்பிரஸ் விமானத்தில் அதைப் பொருத்தியதும் வேகம் மணிக்கு 253 கிலோமீட்டரிலிருந்து 285 ஆக உயர்ந்தது. போ-2 விமானத்துக்கு அது ஏன் மாட்டப்படவில்லை? காற்றுத் தடையை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். 280-இல் பெரிய இழப்பாகத் தெரிவது 140-இல் எட்டில் ஒரு பங்குதான். உறை இல்லாவிட்டால் மெக்கானிக்கின் கை நேரே சிலிண்டருக்குப் போகும். அந்த விமானத்துக்கு அதுவே முக்கியம்.

மேம்பாடுகளும் வந்தன. எம்-11டி 125 குதிரைத்திறன் தந்தது. 1946-இல் வந்த எம்-11எஃப்ஆர் நிமிடத்துக்கு 1900 சுற்றில் 160. யாகவ்லெவின் யாக்-18 பயிற்சி விமானம் அதோடு பறந்தது. அதில் ஒவ்வொரு சிலிண்டர் தலைக்கும் புடைத்த வடிவில் உறையும் இருந்தது. பனிமேல் சறுக்கிச் செல்லும் என்கேஎல்-26 ஏரோசானி வண்டியின் பின்புறத்தில் புரொப்பெல்லரைச் சுழற்றியதும் எம்-11 தான். போலந்து போ-2 விமானத்தை உரிமம் பெற்றுத் தயாரித்தது. சீனா 1954 ஜூலையில் நான்சாங் நகரில் பறக்கவிட்ட சிஜே-5, யாக்-18 விமானத்தின் வழி வந்தது. மக்கள் சீனத்தில் தயாரான முதல் விமானம் அது. அதன் மூக்கில் இருந்ததும் இந்த ஐந்து சிலிண்டர் எஞ்சின்தான்.

போ-2 விமானங்கள் மொத்தம் எத்தனை தயாராயின என்பதில் 20 ஆயிரத்திலிருந்து 40 ஆயிரம் வரை பல கணக்குகள் உண்டு. எந்தக் கணக்கை ஏற்றாலும், உலகில் மிக அதிக எண்ணிக்கையில் தயாரான விமானங்களின் பட்டியலில் அது இருக்கிறது. மாஸ்கோவுக்கு அருகே மோனினோவில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். இங்கிலாந்தின் ஓல்ட் வார்டனில் ஷட்டில்வொர்த் சேகரிப்பில் உள்ள போ-2 பறக்கும் நிலையிலேயே பராமரிக்கப்படுகிறது. அந்தப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால் விமானம் மேலே எழும்பும் வரை காத்திருக்காமல் கொஞ்சம் முன்னதாகவே போய் நில்லுங்கள். எஞ்சினைக் கிளப்புவதற்கு முன் மெக்கானிக் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுவதைக் கட்டாயம் பாருங்கள்.